அம்மாவின் தாள்

எல்லாருக்கும் வணக்கம்.

புத்தாண்டுத் தீர்மானங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதோடு, விடுமுறை நாட்களில் குடும்பங்கள் தவறாமல் செய்கிற வழக்கங்களையும் சேர்த்துப் பேசுகிறேன். தீர்மானத்துக்கு இல்லாத ஒரு பலம் வழக்கத்துக்கு இருக்கிறது.

தினமும் நடக்கப் போகிறேன் என்று முடிவெடுத்தவர், ஒவ்வொரு காலையும் அதே முடிவை மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது. தூக்கத்தோடும் வேலையோடும் தனியாக மல்லுக்கட்ட வேண்டும். ஆனால் வருஷக் கடைசியில் எல்லாரும் ஓரிடத்தில் கூடுவது என்று ஒரு வீட்டில் வழக்கம் இருந்தால், "இந்த வருஷம் கூடலாமா?" என்று யாரும் கேட்பதில்லை. "எத்தனை மணிக்கு வருவாய்?" என்றுதான் கேட்கிறார்கள். நாளும் வேளையும் அங்கே ஏற்கெனவே முடிவாகியிருக்கின்றன.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், ஒரு செயல் எப்படிப் பழக்கமாகிறது என்று அறிய 96 பேரை 84 நாட்கள் கவனித்தார்கள். ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஒவ்வொருவரும் ஒரு புதிய செயலைத் தேர்ந்தெடுத்து, ஏற்கெனவே தினமும் நடக்கிற ஏதாவது ஒன்றோடு அதை இணைத்துக்கொண்டார்கள். காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம், மதியச் சாப்பாட்டோடு, இப்படி. அது யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் பழகச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்கள் போதும். சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி வேறு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. ஜனவரி பத்தாம் தேதி ஒரு நாள் தவறியதும் "சரி, அவ்வளவுதான்" என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டுகிறோமே, அதற்கு அவசியமே இல்லை!

இன்னொன்று. ஸ்வீடனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2020-இல் வந்தது. ஒன்றை விடப் போகிறேன் என்றவர்களில் 47 சதவீதம் பேரும், ஒன்றைச் செய்யத் தொடங்கப் போகிறேன் என்றவர்களில் 59 சதவீதம் பேரும் வருஷ முடிவில் தாங்கள் வென்றதாகச் சொன்னார்கள். அவரவர் வாயால் சொன்னதுதான். இருந்தாலும் "கைபேசியைத் தொட மாட்டேன்" என்பதைவிட "அந்த நேரத்தில் பிள்ளைகளோடு பேசுவேன்" என்று எழுதுவது நல்லது என்றே நான் நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் வருஷத்தின் கடைசி இரவு ஆளுக்கொரு தாள் எடுப்போம். வரும் வருஷத்துக்கு ஒன்றே ஒன்று எழுதி, மடித்து, உறையில் போட்டு ஒட்டிவிடுவோம். அடுத்த வருஷம் அதே இரவில் பிரித்து உரக்கப் படிக்க வேண்டும். எழுதியது நிறைவேறாமல் போனவர்களை யாரும் எதுவும் சொல்லக் கூடாது. அப்பா போட்ட விதி அது.

பல வருஷங்கள் உறைக்குள் நான்கு தாள்கள்தான் இருந்தன. அப்பா, அக்கா, நான், தம்பி. ஒரு வருஷம் தம்பி கேட்டான், "அம்மா தாள் எங்கே?" அம்மா அடுப்படியில் இருந்தார். எப்போதும் அந்த நேரத்தில் அங்கேதான் இருப்பார். நாங்கள் இத்தனை ஆசையாகக் காத்துவந்த வழக்கத்தை நடத்திக்கொண்டிருந்தவருக்கு அதில் இடமே இல்லை. இன்று நினைத்தாலும் எனக்கு மனசு கனக்கிறது.

அன்று அவரையும் கூப்பிட்டு எழுதச் சொன்னோம். உறையில் போடுமுன் தம்பி அதை வாங்கிப் படித்துவிட்டான். "எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடணும்."

அந்தத் தீர்மானத்தை அம்மா எவ்வளவு மன உறுதியோடு இருந்தாலும் தனியாக நிறைவேற்ற முடியாது. நாங்கள் நான்கு பேரும் எழுந்தால்தான் அவர் உட்கார முடியும். அதனால் மறுநாளே வழக்கத்தை மாற்றினோம். எல்லாப் பாத்திரமும் நடுவில் வந்த பிறகுதான் யாரும் கை வைக்கலாம். முதல் சில வாரங்கள் அம்மா பாதியில் எழுந்து எழுந்து போனார். கையைப் பிடித்து உட்கார வைத்தோம். கோடை வருவதற்குள் அது பழகிவிட்டது.

அடுத்த வருஷத் தாளில் அம்மா தனக்கென்று ஒன்றை எழுதினார். பாதியில் விட்ட வாசிப்பைத் தொடர வேண்டுமாம். இப்போது இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்துப் பக்கம் படிக்கிறார். அந்த நேரத்தில் அப்பா பாத்திரம் கழுவுகிறார்.