முதல் வேலையில் கைகொடுப்பது திறமையா, எழுத்தா? – ‘எழுத்தே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, இந்த ஆண்டு படிப்பை முடித்து வேலைக்குப் போகக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எதிரணித் தோழர் இரண்டு வாதங்களை வைத்துவிட்டு அமர்ந்திருக்கிறார். வேலை தெரிந்தவனுக்குத் தாள் எதற்கு, திறமை தானே பேசும் என்பது ஒன்று. எதற்கெடுத்தாலும் எழுதி வைக்கிறவனை மேலதிகாரி சந்தேகப் பேர்வழி என்று ஒதுக்கிவிடுவார் என்பது இன்னொன்று. முதலாவதை இப்போதே எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவதற்கு அதன் இடம் வரும்போது பதில் சொல்கிறேன்.

முதல் வேலையில் எழுதி வைக்கும் பழக்கம்தான் கைகொடுக்கும் என்கிறோம். திறமை வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. திறமை உள்ள இரண்டு பேர் சேர்ந்தும் வேலை கெட்டுப்போவது எப்படி என்பதுதான் எங்கள் கேள்வி. நம் மதுரைக் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு சி.என்.சி. லேத்தை, அதாவது கணினி இயக்கும் கடைசல் மெஷினை, எடுத்துக்கொள்ளுங்கள். கடைய வேண்டிய தண்டு 25 மில்லிமீட்டர் விட்டம். கூட 0.02 போகலாம், குறைய 0.02 போகலாம். கடைய கடைய டூல், அதாவது வெட்டும் கருவி, தேயும். தேயத் தேய தண்டு பெருக்கும். மதியம் ஒன்றரை மணிக்கு அளந்தால் 25.02. முதல் ஷிஃப்ட்காரர் அதை ஆய்வுத் தாளில் எழுதுகிறார். உடனே ஆஃப்செட்டில், அதாவது மெஷினுக்குக் கொடுக்கும் அளவுத் திருத்தத்தில், 0.03 குறைக்கிறார், அளவு 24.99-க்கு வந்துவிடுகிறது. சரியான வேலை. ஆனால் குறைத்ததை அவர் எழுதவில்லை. 2 மணிக்கு ஷிஃப்ட் மாறுகிறது. அடுத்து வந்த தம்பி தாளைப் பார்க்கிறார். கடைசி வரி 25.02 என்கிறது. அவரும் வேலை தெரிந்தவர், அவரும் 0.03 குறைக்கிறார். இப்போது தண்டு 24.96. பெருத்திருந்தால் இன்னொரு முறை கடைந்து சரிசெய்யலாம். சிறுத்துப்போனது பழைய இரும்புக்குத்தான். முதல் பீஸை அளந்து பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அளந்தால் ஒரு பீஸோடு போகும், உற்பத்தி அவசரத்தில் அளக்காமல் ஓட்டினால் ஒரு ட்ரே போகும். மெஷின் எண், டூல் எண், எத்தனை மணிக்கு எவ்வளவு மாற்றியது, மாற்றிய பின் வந்த அளவு. இந்த நான்கையும் எழுத அரை நிமிடம் ஆகாது. அந்த அரை நிமிடம் இல்லாமல் இரண்டு பேருடைய திறமையும் வீணாயிற்று என்றால், திறமை தானே எங்கே பேசியது, நடுவர் அவர்களே?

மருத்துவமனைகள் நிறைந்த ஊர் நம் ஊர். டாக்டர் போனில் ஒரு மருந்தின் அளவைச் சொன்னால், நல்ல பயிற்சி பெற்ற செவிலியர் அதைக் கேட்ட கையோடு எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டி, டாக்டர் ‘சரி’ என்ற பிறகுதான் மருந்தை எடுப்பார். அவரிடம் போய், உங்களுக்குத் திறமை இருக்கிறதே, எழுதுவானேன் என்று யாராவது சொல்வோமா?

இனி இங்கே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு நேராக வருகிறேன். எழுத்து முதலில் கைகொடுக்கிற இடம் ஆஃபர் லெட்டர். ‘மாசம் முப்பதாயிரம், பையனுக்கு வேலை கிடைச்சிருச்சு’ என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. தாளில் இருப்பதோ ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் சி.டி.சி. அதாவது நிறுவனம் உங்களுக்காகச் செலவழிக்கும் மொத்தத் தொகை. அதைப் பிரித்துப் பார்ப்போம். பத்து சதவீதம் வேரியபிள் என்று இருந்தால் மாதம் 3,000 ரூபாய் தனியே நிற்கும். வேலையையும் நிறுவனத்தின் லாபத்தையும் பார்த்துப் பிறகு வரும், முழுதாக வரும் என்ற உறுதியும் இல்லை. அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால், பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம், 1,800. கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கு 4.81 சதவீதம், ஏறக்குறைய 721. இவ்வளவும் அந்த முப்பதாயிரத்துக்குள்தான் இருக்கின்றன. மீதி 24,479. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800 போகும். தொழில் வரி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது அரசமைப்புச் சட்ட வரம்பு. அந்த அளவுக்கே பிடித்தாலும் மாதத்துக்கு 208. கைக்கு வருவது 22,470 சொச்சம். இதை நம்பித்தான் வாடகை பேச வேண்டும், பைக்குக் கடன் போட வேண்டும். முப்பதாயிரத்தை நம்பி மாதத் தவணையை முடிவு செய்துவிட்டு, முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்து ‘கம்பெனி ஏமாத்திருச்சு’ என்று புலம்பினால் பயனில்லை, ஏனென்றால் தாளில் எல்லாம் இருந்தது. (பி.எஃப். நம் பணம்தான், அதை இழப்பு என்று நினைக்கக் கூடாது. நிறுவனத்தின் 1,800-இல் 1,250 ஓய்வூதியக் கணக்குக்கும் 550 சேமிப்புக்கும் போகிறது.) சம்பளம் 21,000 ரூபாய் வரை இருக்கிறவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு வரும். உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான், மருத்துவச் செலவு வரும்போது அதன் அருமை தெரியும், அட்டையை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நோட்டீஸ் காலம், அதாவது வேலையை விடுவதற்கு எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பது. உங்களை அனுப்ப நிறுவனத்துக்கு 30 நாள் போதும், நீங்கள் விலக 90 நாள் வேண்டும் என்று சில தாள்களில் இருக்கும். இரண்டு வருடம் கழித்து இன்னொரு இடத்தில் ‘முப்பது நாளில் சேர்’ என்பார்கள். அன்றைக்குத்தான் அந்த வரி கண்ணில் படும். மீதி நாளுக்குப் பணம் கட்டிவிட்டு விலகலாமா, கட்டுவது அடிப்படைச் சம்பளக் கணக்கிலா மொத்தச் சம்பளக் கணக்கிலா, இந்த இரண்டையும் சேருவதற்கு முன்பே ஒரு மெயிலில் கேளுங்கள். பதில் மெயிலிலேயே வரட்டும்.

பாண்ட் பற்றிப் பெற்றோரும் கேட்டுக்கொள்ளுங்கள். இத்தனை காலத்துக்குள் விலகினால் இவ்வளவு பணம் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுப்பதுதான் பாண்ட். ‘பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது, தைரியமாகக் கையெழுத்துப் போடு’ என்று சொந்தக்காரர் ஒருவர் கட்டாயம் சொல்வார். அதை நம்பாதீர்கள். மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொல்லியிருக்கிறது. எழுதின தொகை முழுவதையும் எல்லோரும் கட்டியே தீர வேண்டும் என்றும் அர்த்தமில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, எழுதிய தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடு என்றுதான் சொல்கிறது. அதனால் எத்தனை மாதம், எவ்வளவு தொகை, மாதம் போகப் போகத் தொகை குறையுமா, என்ன பயிற்சி தருகிறார்கள் என்பதெல்லாம் தாளில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அசல் மதிப்பெண் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டுத் தரவே கூடாது. பாண்ட் தகராறு என்றால் சிவில் வழக்கு. காசோலை பணமில்லாமல் திரும்பினால் அது குற்ற வழக்கு.

சேர்ந்தாயிற்று, இனி அன்றாட வேலை. எதிரணியின் இரண்டாவது வாதத்துக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்த ஒரு பி.காம். பிள்ளை. மேலாளர் நடந்துகொண்டே சொல்கிறார்: “அந்த அக்டோபர் பர்ச்சேஸை 2பி-யோட ஒப்பிட்டு முடிச்சிரும்மா.” 2பி என்பது, விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜி.எஸ்.டி. தளம் தரும் கொள்முதல் வரிப் பட்டியல். எந்தத் தேதிக்குள், எந்தக் கிளை, பழைய நிலுவையும் சேர்த்தா, எதுவும் சொல்லவில்லை. 2பி அறிக்கை நவம்பர் 14-ஆம் தேதி வரும், 3பி என்ற மாதாந்திர ஜி.எஸ்.டி. கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் 20. நடுவில் இருப்பது ஆறே நாள். அந்தப் பிள்ளை தன் இடத்துக்குப் போனதும் இப்படி எழுதுகிறாள்:

“சார், மதியம் பேசியபடி அக்டோபர் மாதக் கொள்முதல் பதிவேட்டை 2பி-யுடன் ஒப்பிட்டு 17-ஆம் தேதி மாலைக்குள் தருகிறேன். விருதுநகர் கிளை பில்கள் 15-ஆம் தேதிக்குள் வந்தால் இது முடியும். செப்டம்பர் நிலுவையை இதில் சேர்க்கவில்லை. வேறு மாதிரி வேண்டுமானால் சொல்லுங்கள் சார்.”

அவ்வளவுதான். என்ன வேலை, எப்போது முடியும், அதற்கு யாரிடமிருந்து என்ன வர வேண்டும், எது இதில் சேராது. இதைப் படித்து எந்த மேலாளர் கோபப்படுவார்? ‘செப்டம்பரும் சேர்த்துப் பண்ணும்மா’ என்று அன்றைக்கே பதில் போடுவார், 19-ஆம் தேதி ராத்திரி கத்த மாட்டார். எரிச்சல் எப்போது வருகிறது என்றால், ‘நீங்கள்தானே சொன்னீர்கள்’ என்று மெயில் தொடங்கும்போது. அவருக்கு மேலே இருப்பவரையும் சேர்த்து நகல் அனுப்பும்போது. அது தொனியில் உள்ள கோளாறு, எழுத்தின் மேல் பழி போடாதீர்கள். வாட்ஸாப்பில் குரல் பதிவாக வேலை சொன்னாலும் இதே வழக்கம்தான். கேட்டதை ஒரு வரியாகத் திருப்பி எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

தவறு நடந்தாலும் எழுத்துதான். மறைத்து வைத்துச் சரிசெய்யப் பார்ப்பதில்தான் சின்னத் தவறு பெரிதாகிறது. நேரில் போய்ச் சொல்லிவிட்டு, உடனே எழுதியும் அனுப்புங்கள். என்ன நடந்தது, யாருக்குப் பாதிப்பு, இதுவரை என்ன செய்தாயிற்று, இப்போது யார் உதவி வேண்டும். ‘மன்னிக்கவும்’ ஒரு முறை போதும், பத்தி பத்தியாக வேண்டாம்.

வெள்ளிக்கிழமை கிளம்பும் முன் இன்னொரு வேலை. அந்த வாரம் முடித்தது என்ன, அதில் ஒரு எண், அதனால் யாருக்கு என்ன பயன் என்று மூன்று வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் மதிப்பீட்டுப் படிவம் வரும், நிரப்பச் சில நாள்தான் தருவார்கள். மேலாளருக்கு நினைவில் இருப்பது கடைசி இரண்டு மாதம். ஜூனில் நீங்கள் ராத்திரி உட்கார்ந்து முடித்ததை அவர் மறந்திருப்பார், பாதியை நீங்களே மறந்திருப்பீர்கள். ‘கடுமையாக உழைத்தேன்’ என்று எல்லோரும் எழுதுவார்கள். ‘3 மணி நேரம் பிடித்த பில் சரிபார்ப்பு இப்போது 40 நிமிடத்தில் முடிகிறது’ என்று எழுத, குறித்து வைத்தவரால்தான் முடியும். ஒரு எச்சரிக்கை: அந்தக் குறிப்பில் வாடிக்கையாளர் பெயர், நிறுவனத்தின் கோப்பு, விலைப் பட்டியல் எதுவும் இருக்கக் கூடாது. அலுவலகக் கோப்பைச் சொந்த மெயிலுக்கு அனுப்பினால் வேலையே போய்விடும்.

‘நம்ம ஊர் நம்பிக்கையிலே ஓடுகிற ஊர்’ என்றார் எதிரணித் தோழர். உண்மை. கீழமாசி வீதியில் இன்றைக்கும் வாக்கை நம்பித்தான் சரக்கு ஏறுகிறது. ஆனால் துண்டுச்சீட்டும் பேரேடும் இல்லாத கடை அங்கே எது? மேலூர்ப் பக்கம் மாங்குளம் மலைக்குப் போய்ப் பாருங்கள். பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி, கணி நந்தாசிரியன் என்ற துறவிக்குப் பள்ளி, அதாவது தங்கும் இடம், வெட்டிக் கொடுத்ததைத் தமிழி என்ற பழைய எழுத்தில் உள்ள கல்வெட்டு சொல்கிறது. யாருக்காக, யார், யாரிடம் பணி செய்த ஒருவன், என்ன செய்தான் என்று எல்லாம் அதில் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியும் அவன் செய்த வேலை அவன் பெயரிலேயே நிற்கிறது. நம்பிக்கைக்கும் எழுத்துக்கும் இந்த மண்ணில் என்றைக்குமே பகை இருந்ததில்லை.

பெயர் என்றதும் இன்னொன்று. இனிஷியல் போடுகிற நமக்கு இது தனிப் பாடு. மதிப்பெண் சான்றிதழில் ‘கார்த்திகேயன் மு.’, ஆதாரில் ‘கார்த்திகேயன் முத்துசாமி’, பான் அட்டையில் ‘முத்துசாமி கார்த்திகேயன்’. மூன்றும் ஒரே ஆள்தான், ஆனால் கணினிக்கு மூன்று பேர். பி.எஃப். கணக்கில் ஆதாரும் பானும் ஒட்டாமல் நிற்கும், பின்னால் பணம் எடுக்கும்போது விண்ணப்பம் திரும்பி வரும். வேலைக்குச் சேரும் முன்பே பெயரும் பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கும்படி திருத்திவிடுங்கள். யு.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். அடுத்த நிறுவனத்தில் ‘பழைய எண் இருக்கிறது’ என்று சொல்லி அதையே கொடுங்கள், புதிதாக ஒன்று போட விடாதீர்கள்.

விலகும்போது சண்டை போட்டுவிட்டு போனை அணைத்துவிட்டு ஊருக்கு வந்துவிடும் பிள்ளைகள் உண்டு. அடுத்த வேலைக்குப் போகும்போது பின்னணி விசாரணையில் ‘சொல்லாமல் போனவர்’ என்று பதில் வரும். எவ்வளவு கசப்பு இருந்தாலும் ராஜினாமாவை மெயிலில் கொடுங்கள், கடைசி நாள் எது என்று எழுதி வாங்குங்கள். விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சம்பளத்தில் வருமான வரி பிடித்ததற்கான சான்று, கணக்குத் தீர்த்த விவரம் எல்லாவற்றையும் சொந்த மெயிலுக்கு வாங்குங்கள். அலுவலக மெயில் அன்று மாலையே மூடிவிடும். ஒரு மாதம் கழித்து பி.எஃப். தளத்தில் நீங்கள் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் பழைய கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றுவது தடைபடும்.

எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவரிடம் ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன். நான் சொன்ன அந்த லேத்தில், 24.96-க்குப் போன தண்டை எந்தத் திறமையால் மீட்பீர்கள்? பதிலைக் கேட்டுவிட்டு நடுவர் தீர்ப்புச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.