தவளை கத்தியது, மழையும் பெய்தது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கோயில் வீதி மணலில் உட்கார்ந்திருக்கும் என் ஊர்ச் சனங்களே, எல்லோருக்கும் வணக்கம். எட்டு நிமிடம் தந்திருக்கிறார்கள், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். இலங்கை ஜனாதிபதியின் கொள்கைகளை எதிர்க்கட்சி உறுப்பினர் வெளிப்படையாக விமர்சிப்பது நாட்டைக் காக்கிறதா, குழப்புகிறதா? காக்கிறது என்பது எங்கள் பக்கம். அதற்காக நான்கு தாள் நிறையக் குறிப்பு எழுதி வந்தேன். 1978 அரசியலமைப்பு, நிறைவேற்று அதிகாரம், பாராளுமன்றச் சிறப்புரிமை எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் எதிரணித் தலைவர் அண்ணா பேசிய பேச்சைக் கேட்டதும் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

என்ன சொன்னார்? "எதிர்க்கட்சிக்காரன் வயல் தவளை. நித்தமும் கத்தும். என்றைக்கோ மழை பெய்தால், பார்த்தாயா நான் சொன்னேன் என்று மார்தட்டும். நுணலும் தன் வாயால் கெடும்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல பகிடிதானே, அதை ஏன் மறைப்பான்?

சரி அண்ணா, தவளையையே பிடிப்போம். எந்தத் தவளை, எந்த வயலில், எப்போது கத்தியது?

2019 நவம்பரில் கோத்தாபய ராஜபக்ச ஜனாதிபதியானார். 69 இலட்சம் வாக்கு. அடுத்த ஆகஸ்ட் தேர்தலில் அவர் கட்சிக்கு 145 ஆசனம். எதிரே சஜித் பிரேமதாச தலைமையில் ஐக்கிய மக்கள் சக்தி, 54 பேர். ஜனாதிபதி பதவிக்கு வந்த கையோடு வற் எனும் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைந்தது. எங்களுக்கும் சந்தோஷம்தான். வரி குறைந்தால் யார் அழுவார்? எதிர்க்கட்சி வரிசையில் இருந்த சிலர்தான் வருமானத்துக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டார்கள். அது முதல் கத்தல். யாருக்கும் கேட்கவில்லை.

இனி என் மாமாவின் கதை. நடுவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஐயா, இதைச் சொல்லாமல் நான் இறங்கினால் வீட்டில் சோறு கிடைக்காது. மாமி முன்வரிசையில் இருக்கிறார்.

மாமா கிளிநொச்சிப் பக்கம் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர். எட்டு ஏக்கர். 2021 மே 6ஆம் திகதி அரசின் வர்த்தமானி அறிவித்தல் வந்தது. இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை, இனி நாடு முழுக்கச் சேதனப் பசளைதான், அதாவது இயற்கை எரு. தேர்தல் விஞ்ஞாபனத்தில் இதற்குப் பத்து வருடம் என்று போட்டிருந்தார்கள். பத்து வருடமும் ஒரு வர்த்தமானியோடு முடிந்தது.

பிறகு வயல்காரரைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்தார்கள். மர நிழல், பிளாஸ்டிக் கதிரை, பிளேன்டி. விளக்க வந்தவன் சின்னப் பெடியன். அவனைக் குறை சொல்ல மாட்டேன், மேலே இருந்து வந்ததைக் கீழே சொல்ல அனுப்பப்பட்டவன். கிளிசரியாக் குழை ஒரு அடுக்கு, வைக்கோல் ஒரு அடுக்கு, சாணம் ஒரு அடுக்கு, பிறகு தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள் என்று அழகாகச் சொன்னான். மாமா கையை உயர்த்தினார்.

"தம்பி, ஒரு ஏக்கருக்கு எவ்வளவு வேணும்?"

"தொன் கணக்கிலை வேணும் ஐயா."

"என்னட்டை எட்டு ஏக்கர் கிடக்கு. மாடு ரெண்டு."

"இன்னும் கொஞ்ச மாடு வளர்க்கலாம் ஐயா."

"எப்ப விதைக்கிறது?"

"பெரும்போகத்துக்கு ஐப்பசியிலை."

மாமா பிளேன்டியைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். "சரி தம்பி. மாடு ரெண்டும் கொட்டிலிலைதான் நிக்குது. வந்து, நாட்டு நிலைமையை நீங்களே ஒருக்கா அதுகளுக்கு விளங்கப்படுத்திப்போட்டுப் போங்கோ."

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையா? மாட்டுக்கு விளங்கப்படுத்தச் சொன்னார்!

இதுதான் உண்மையில் நடந்தது. ஆனால் மாமா இதை ஊரில் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடும். போன வருடக் கதையில் அந்தப் பெடியன் உண்மையாகவே கொட்டிலுக்கு வந்துவிட்டான். வர்த்தமானியை விரித்துப் பிடித்தான். சிவலை மாடு மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மயிலை மாடு நல்லது, அது முழுவதையும் தின்றுவிட்டது. அடுத்த நாள் காலையில் அந்த வர்த்தமானி நாட்டுக்குத் தேவையான வடிவத்தில் வெளியே வந்தது. அந்தச் சட்டத்தை முழுமையாக நடைமுறைப்படுத்திய ஒரே சீவன் எங்கள் மயிலைதான்!

இருங்கள், இருங்கள், சீனக் கப்பலை விட்டுவிட்டேன். சீனாவிலிருந்து சேதனப் பசளை கப்பலில் வந்தது. மாதிரியை எடுத்துச் சோதித்தால் பயிரைக் கெடுக்கும் பக்டீரியா. வேண்டாம் என்று தடுத்தார்கள். அந்த நிறுவனம் விடவில்லை, இழுபறிப்பட்டது. கடைசியில் 67 இலட்சம் டொலர் கட்ட வேண்டியதாகிவிட்டது. கரைக்கே வராத பசளைக்கு 67 இலட்சம் டொலர்! மாமாவின் மாடுகளுக்கு இதை யாரும் சொல்லிவிடாதீர்கள், சம்பளம் கேட்கும்.

இப்போது தவளைக்கு வருகிறேன் அண்ணா. மாமா மர நிழலில் கேட்ட அதே கேள்வியைத்தான் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சபையில் கேட்டார்கள். ஒரே இரவில் செய்தால் விளைச்சல் விழும், அரிசி இறக்குமதி செய்ய வேண்டி வரும் என்றார்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் சொன்னார்கள். பதில் என்ன கிடைத்தது? பசளைக் கம்பனிகளின் கையாட்கள் என்று பெயர் கிடைத்தது. நவம்பர் 24ஆம் திகதி தடையை எடுத்தார்கள். அதற்குள் ஐப்பசி போய்விட்டது.

அண்ணா சொன்னார், தவளை நித்தம் கத்தும், என்றைக்கோ ஒரு நாள் பலிக்கும் என்று. ஒரு கத்தலை எடுத்துப் பார்ப்போம். 2021 முடிகிற நேரம் எதிர்க்கட்சி உறுப்பினர் ஹர்ஷ டி சில்வா சபையில் எழுந்து மழை வரும் என்று பொத்தாம்பொதுவாகவா சொன்னார்? கணக்குச் சொன்னார். 2022 பெப்ரவரியிலிருந்து ஒக்டோபர் வரை கட்ட வேண்டிய வெளிநாட்டுக் கடன் 480 கோடி டொலர். நாட்டின் கையிருப்பு பூச்சியத்துக்கும் கீழே 43 கோடி 70 இலட்சம் டொலருக்குப் போகும். நாடு முற்றாக வங்குரோத்தாகும் என்றார். 2019 முடிவில் 760 கோடி டொலராக இருந்த கையிருப்பு, அவர் பேசிய காலத்தில் 160 கோடிக்கு வந்திருந்தது. கடனை மறுசீரமையுங்கள், சர்வதேச நாணய நிதியத்திடம் போங்கள் என்று கெஞ்சாத குறை. மத்திய வங்கி என்ன செய்தது? 2022 ஜனவரி 18ஆம் திகதி 50 கோடி டொலர் கடன்பத்திரத்தை முழுதாகக் கட்டி, பார்த்தீர்களா எங்கள் கெட்டித்தனத்தை என்றது. மருந்து வாங்கவும் டீசல் வாங்கவும் இருந்த டொலர் அது.

தவளையின் கத்தல் பொய்த்ததா? நாடு 2022 ஏப்ரல் 12ஆம் திகதியே கடன் கட்ட முடியாது என்று கையை விரித்துவிட்டது. 5100 கோடி டொலர் வெளிநாட்டுக் கடன்! தவளை கத்திச் சில மாதத்திலேயே மழை பெய்துவிட்டது. அண்ணா, இந்தத் தவளையின் குற்றம் கூடக் கத்தியதா, குறையக் கத்தியதா?

வாக்குக்காகக் கத்துகிறார்கள் என்றும் சொன்னீர்கள். ஓம், வாக்குக்காகத்தான். அரசியல்வாதி வேறு எதற்குக் கத்துவான்? வாக்கு வேண்டுமென்று ஒருவன் என் கையிருப்புக் கணக்கைச் சரியாகச் சொன்னால் எனக்கு என்ன நட்டம்? வாக்கு வேண்டுமென்று வரியைக் குறைத்தவர்தான் எனக்கு நட்டம்.

எதிர்க்கட்சி யோக்கியமா என்று அடுத்த பேச்சாளர் அம்மா கேட்கப்போகிறார், முகத்திலேயே தெரிகிறது. நானே சொல்லிவிடுகிறேன். 2020 ஒக்டோபரில் ஜனாதிபதிக்கு அதிகாரத்தை அள்ளிக் கொடுத்த 20ஆவது திருத்தத்துக்கு எதிர்க்கட்சி வரிசையிலிருந்தும் சிலர் கை உயர்த்தினார்கள். 2022 மே மாதம் பிரதமர் பதவி வாசலுக்கு வந்தபோது சஜித் நிபந்தனை போட்டுக்கொண்டிருந்தார். கட்சியில் ஒரேயொரு ஆசனம் வைத்திருந்த ரணில் விக்கிரமசிங்க உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். சில தவளை கிணற்றிலும் கிடக்கும், என்ன செய்வது?

கத்தி என்ன பயன், சபையில் தோற்றீர்களே என்றார்கள். தோற்றார்கள்தான். 2022 மே 17. ஜனாதிபதி மீதான அதிருப்தியை உடனே விவாதிக்க சபை நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளை இடைநிறுத்துங்கள் என்று அப்போது நம் மாவட்ட உறுப்பினராக இருந்த சுமந்திரன் பிரேரணை கொண்டுவந்தார். ஆதரவு 68, எதிர்ப்பு 119. சபையில் பெரிய வெற்றி! அந்த வெற்றிக்குப் பிறகு இரண்டு மாதம் நிறையவில்லை. ஜூலை 13ஆம் திகதி அதிகாலையில் ஜனாதிபதி மாலைதீவுக்குப் போனார், அங்கிருந்து சிங்கப்பூர், பிறகு மின்னஞ்சலில் ராஜினாமா. அந்த 119 பேர் அவரைக் காப்பாற்றினார்களா? அன்றைக்கு உட்கார வைத்து நாலு மணி நேரம் திட்டியிருந்தாலாவது அவருக்கு ஏதாவது விளங்கியிருக்கும்.

நுணலும் தன் வாயால் கெடும் என்றார் அண்ணா. யார் வாய் திறந்தார் கடைசியில்? 2022 ஏப்ரல் 18ஆம் திகதி புது அமைச்சர்கள் முன்னால் அதே ஜனாதிபதி, நாணய நிதியத்திடம் முன்பே போயிருக்க வேண்டும், பசளை விஷயமும் பிழை என்று ஒத்துக்கொண்டார். எதிர்க்கட்சி ஒரு வருடமாகச் சொன்னதை வரி விடாமல் அவரே சொன்னார்! 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அவரும் சகோதரர்களும் மத்திய வங்கி ஆளுநர்களாக இருந்தவர்களும் சேர்ந்து மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த நீதியரசர்களும் வயல் தவளைகளா அண்ணா?

முதல் மணி அடித்துவிட்டது. ஒரு நிமிடம் தாருங்கள் ஐயா.

மாமாவை வைத்துச் சிரித்தோம். அந்தப் பெரும்போகம் மாமாவின் வயலில் கதிர் வந்தது. நான் போயிருந்தேன். வரம்பில் நின்று ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் கசக்கி, ஊதினார். பறந்ததுதான் கூட. சப்பி, வெறும் பதர். கையில் நின்ற மணிகளை எண்ணிவிடலாம். அவர் பகிடி ஒன்றும் சொல்லவில்லை. எட்டு ஏக்கர் வயல்காரர் அந்த வருடம் அரிசியைக் கடையில் வாங்கினார். மாமி, அழாதீங்கோ.

மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வெயிலில் நின்ற கிழவர்கள் வரிசையிலேயே செத்தார்கள், 2022 மார்ச்சில். அவர்கள் எந்தக் கட்சி என்று யாருக்குத் தெரியும்?

இன்னுமொன்று. இது பொருளாதாரம் இல்லை, கணக்கும் இல்லை. கொரோனாக் காலத்தில் செத்தவர் யாராயினும் எரிக்க வேண்டும் என்று இந்த நாட்டில் உத்தரவு இருந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் எரித்தார்கள். 2020 டிசம்பரில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் குழந்தையை எரித்தார்கள். பிறந்து 20 நாள். அந்தக் கிழமை பொரளை மயானத்து வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள், சிங்களவரும் தமிழரும் சேர்ந்து. கட்டக் கட்ட இரவில் யாரோ அவிழ்த்தார்கள், திரும்பவும் கட்டினார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சபைக்கு உள்ளேயும் வெளியேயும் மாதக்கணக்காக அதையே கேட்டார்கள். புதைக்க விடுங்கள், புதைக்க விடுங்கள் என்று ஒரே கத்தல். 2021 பெப்ரவரி கடைசியில்தான் வர்த்தமானி மாறியது. பாகிஸ்தான் பிரதமர் வந்துபோன கையோடு மாறியது என்பது எனக்கும் தெரியும். அதை வைத்து என்னை மடக்குங்கள், பரவாயில்லை. பிறகு மட்டக்களப்பு ஓட்டமாவடியில் இடம் கொடுத்தார்கள். எங்கெங்கோ இருந்தெல்லாம் சனங்கள் தங்கள் பிள்ளைகளையும் பெற்றவர்களையும் அங்கே கொண்டு போனார்கள்.

இரண்டாம் மணியும் அடித்துவிட்டது, முடிக்கிறேன். அடுத்து வரும் எதிரணி அம்மாவுக்கும் பிள்ளைகள் இருக்கும். மேடைக்கு வந்ததும், அந்த 20 நாள் பிள்ளைக்காக எழுந்து கேட்டவர்களையும் தவளை என்று ஒரே ஒரு முறை அவர் வாயால் சொல்லட்டும். சொன்னால், நடுவர் அவர்களே, தீர்ப்பை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். வணக்கம்.