போன காசும் வரவேண்டிய தண்ணீரும்

அவையோருக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டியவர்களுக்கு இது தெரியும். இங்கே சுண்ணாம்புக் கல்லுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. உவர் தட்டிய பிறகும் "இவ்வளவு காசு போட்டாச்சு, இன்னும் நாலடி வெட்டிப் பார்ப்பம்" என்று இறங்கினால் உப்புத்தான் கூடும். கொடுத்த கூலி திரும்பி வராது. பொருளியலில் இதை மீளாச் செலவு என்பார்கள்.

அரசாங்கங்களும் இப்படி வெட்டுகின்றன. பிரிட்டனும் பிரான்சும் 1962இல் சேர்ந்து தொடங்கிய கொன்கோர்ட் விமானத்துக்குச் செலவு ஏறிக்கொண்டே போனது. வாங்க வந்தவர்கள் விலகிய பிறகும் இரு அரசுகளும் விடவில்லை. கடைசியில் செய்தது 20 விமானங்கள்தான். டெக்சாசில் நிலத்தடியில் கட்டிக்கொண்டிருந்த துகள் மோதுவியையோ (அணுவின் துகள்களை மோதவிட்டு ஆராயும் இயந்திரம்), சுமார் 200 கோடி டொலர் செலவான பிறகும் அமெரிக்க காங்கிரஸ் 1993இல் நிறுத்திவிட்டது. வெள்ளம் தலைக்கு மேலே போனால் சாண் என்ன முழம் என்ன என்று நாம் சொல்வதுண்டு. பொதுக்காசில் அப்படிச் சொல்லவே கூடாது.

சரி, நான் பேச வந்தது இதன் மறுபக்கத்தை. போன காசு தொடர்வதற்குக் காரணம் இல்லையென்றால், கைவிடுவதற்கும் காரணம் இல்லை. நூறு ரூபாய் போட்டு எண்பது ரூபாய்ப் பயன் எடுக்கும் வேலையைத் தொடங்கவே கூடாது. ஆனால் அறுபது ரூபாய் வேலை ஏற்கெனவே நிலத்தில் நின்றால், மிச்சம் நாற்பதைப் போட்டு எண்பதை எடுப்பதுதான் புத்தி. அந்த அறுபதும் இடிந்து மண்ணாகி, திரும்பவும் தொண்ணூறு வேண்டுமென்றால் விட்டுவிட வேண்டும். கட்டியபோது என்ன கொடுத்தோம் என்பதைவிட, இன்று என்ன நிற்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தை நினைத்துப் பாருங்கள். கனகராயன் ஆற்று வெள்ளத்தை ஆனையிறவுக் கடலேரியில் மறித்து, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடலேரிக்கு விட்டு, தொண்டைமானாற்றில் கடல் உப்பைத் தடுத்து, கடலேரிகளை நன்னீராக்குவதுதான் அதன் வழி. அணைகள் எழுந்தன. வாய்க்கால் முடியவில்லை. காசும் நின்றது, பிறகு கட்டியவையும் பழுதாகின. அது நல்ல திட்டம் என்றே நான் நம்புகிறேன். என்றாலும், தாத்தா காலத்தில் காசு போட்டோம் என்பதற்காக அதைக் கேட்க மாட்டேன். கடலேரி நன்னீரானால், அங்கே இறால் பிடித்துச் சீவிக்கும் குடும்பங்களின் இழப்பு இனிமேல் வரும் செலவு. அதைக் கணக்கில் முதல் வரியில் எழுத வேண்டும்.

அதனால் இனி எந்தப் பாதித் திட்டத்தைப் பற்றிக் கூட்டம் நடந்தாலும், 'இதுவரை எவ்வளவு' என்ற பேச்சை நிறுத்திவிட்டு, 'முடிக்க இன்னும் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு தண்ணீர்' என்று எழுந்து கேளுங்கள்.