இரண்டு கிலோ வாங்கினால் நாலு கிலோ

நேயர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 6, நெல் ஜெயராமன் மறைந்த நாள். 2018-ல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனபோது அவருக்கு வயது ஐம்பதுதான். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கம் என்ற ஊரில், 174 பாரம்பரிய நெல் ரகங்களைத் திரட்டி உழவர்கள் கைக்குத் திருப்பிக் கொடுத்த மனிதர் அவர். 2021-ல் தமிழக அரசு முதன்முதலாகத் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை தாக்கல் செய்தபோது, மரபு நெல் பாதுகாப்புக்கான இயக்கத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அவர் பெயருக்கு முன்னால் ‘நெல்’ என்று சேர்த்தவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா.

174 என்ற எண்ணிக்கையைத்தான் எல்லாரும் சொல்கிறோம். அவர் அந்த விதைகளைக் கொடுத்த விதத்தைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான்.

1960-களில் ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 போன்ற ரகங்கள் காவிரிப் படுகைக்கு வந்தன. குறுகிய நாளில் விளைந்தன, உரம் போட்டால் சாயாமல் நின்றன. ஆளுயரம் வளரும் பழைய சம்பா ரகங்களுக்கு யூரியா போட்டால் கதிர் முற்றுவதற்குள் படுத்துவிடும். அதனால் வயலிலிருந்து அவை ஒவ்வொன்றாக வெளியேறின. நம்மாழ்வார் 2003-ல் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடந்த பயணத்தில் ஜெயராமனும் போனார். வழியில் உழவர்கள் எடுத்துக் கொடுத்த காட்டுயானம் போன்ற சில ரகங்களில்தான் இந்தச் சேகரிப்பு தொடங்கியது. 2006-ல் ஆதிரெங்கத்தில் முதல் நெல் திருவிழா நடந்தது. வருகிற உழவருக்கு இரண்டு கிலோ விதை இலவசம். அடுத்த ஆண்டு நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். வேறு நிபந்தனை கிடையாது.

இந்த இரண்டு கிலோ என்ற அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுத்தரமான நெல்லில் ஆயிரம் மணி சுமார் 25 கிராம் இருக்கும். அப்படியென்றால் இரண்டு கிலோவில் 80,000 மணிகள். ஒற்றை நாற்று நடவில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து என்று சதுரமாக நட்டால், ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 64,700 நாற்று போதும். நூற்றுக்கு எண்பது முளைத்தாலே ஏக்கர் ஏறக்குறைய நிறைந்துவிடும். அறுபது கிலோ மூட்டையில் பன்னிரண்டு மூட்டை கண்ட உழவருக்கு நாலு கிலோ கொடுப்பது ஒரு சுமையே இல்லை. ஏழை உழவரும் கடனாளி ஆகாமல் நிறைவேற்றக்கூடிய வாக்கு அது.

இப்படிப் பரப்பாமல் எல்லாவற்றையும் தன்னிடமே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நெல் விதை நம் ஊர் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் மூட்டையில் ஓராண்டு தாங்கும். அதற்கு மேல் முளைப்புத்திறன் விழத் தொடங்கும். மைனஸ் 18 டிகிரியில் காக்கும் மரபணு வங்கி கிராமத்தில் கிடையாது. ஆகவே ஒவ்வொரு ரகத்தையும் ஆண்டுதோறும் விதைத்தே ஆக வேண்டும். ரகத்துக்கு அரை சென்ட் என்று வைத்தாலும் 174 ரகத்துக்கு 87 சென்ட். நடுவே விடும் இடைவெளியையும் சேர்த்தால் ஏக்கரைத் தாண்டிவிடும். ஒரு மழை, ஒரு எலிக்கூட்டம் போதும், பத்து ரகம் ஒரே இரவில் போய்விடும். அதே ரகம் முப்பது ஊர்களில் முப்பது பேரிடம் இருந்தால், ஒருவர் வயல் மூழ்கினாலும் இன்னொருவர் வயலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடிப் புட்டியில் வரிசையாக அடுக்கிய நெல்லைப் பார்க்க அழகாக இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் அது வெறும் காட்சிப்பொருள்தான்.

சரி, விதையை வாங்கியவர் திருப்பிக் கொடுக்கும்போது அது அதே ரகமாக இருக்க வேண்டுமே! இங்கேதான் பலருக்குத் தவறுகிறது. நெல் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிர். பக்கத்து வயல் ரகத்தோடு மூன்று மீட்டர் இடைவெளி இருந்தால் காற்றில் வரும் கலப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கலப்பு பெரும்பாலும் நம் கையாலேயே வருகிறது. போன பருவத்தில் வயலில் உதிர்ந்த நெல் தானாக முளைத்து நாற்றோடு சேரும். மழைத்தண்ணீர் ஒரு பாத்தியின் முளைவிதையை அடுத்த பாத்திக்குத் தள்ளும். களத்தில் நேற்று அடித்த வேறு ரகம் ஓரத்தில் கிடக்கும். உதறாத சாக்கின் தையலில் பத்து மணி ஒட்டியிருக்கும். இவை எல்லாவற்றையும்விட மோசம், அறுவடை இயந்திரம். முந்தைய வயல் நெல் அதன் உள்ளே தங்கியிருக்கும். விதைக்கான பகுதியில் இயந்திரத்தை இறக்கவே கூடாது. கையால் அறுத்து, துடைத்த பலகையில் அடிக்க வேண்டும்.

கலவன், அதாவது நடுவே கலந்து நிற்கும் வேறு ரகச் செடி, எடுக்க வயலுக்குள் மூன்று தடவை இறங்குங்கள். பயிர் பக்கத்தண்டு விட்டுத் தூர்கட்டும்போது அடித்தண்டைப் பாருங்கள். பச்சைக்கு நடுவில் ஊதா நிறம் தெரிந்தால் அது வேறு. கதிர் வெளிவரும்போது முந்துவதும் பிந்துவதும் தனியாகத் தெரியும், மணியின் நுனியில் மீசை உள்ளதும் இல்லாததும் தெரியும். நெல்லின் பூ காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் விரியும் என்பதால், கலவனின் மகரந்தம் பரவுவதற்கு முன் இந்தத் தடவை விடியலிலேயே போய்விடுவது நல்லது. முற்றும் சமயத்தில் உமியின் நிறத்தையும் உயரத்தையும் பாருங்கள். தென்படும் கலவனை அறுத்துப் போட்டால் மறுதூர் விட்டு வந்துவிடும், வேரோடு பிடுங்கிவிடுங்கள். அறுவடைக்குப் பிறகும் ஒரு சோதனை இருக்கிறது. ஒரு பிடி நெல் எடுத்துச் சில மணிகளை நகத்தால் உரித்துப் பாருங்கள். மாப்பிள்ளைச் சம்பா என்றால் உள்ளே அரிசி சிவப்பு, தூயமல்லி என்றால் வெள்ளை. தூயமல்லிக்குள் ஒரு சிவப்பு மணி கண்டால் அந்த மூட்டையைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், விதையாக யாருக்கும் கொடுக்காதீர்கள்.

நாலு கிலோவுக்கு எத்தனை கதிர் எடுப்பது? கதிருக்கு நூறு மணி, ஆயிரம் மணி 22 கிராம் என்று கொண்டால் சுமார் 1,800 கதிர். குத்துக்குப் பத்துக் கதிர் என்றால் 180 குத்து. வரப்போரம் மூன்று வரிசையை விட்டுவிட்டு, வயலின் பல இடங்களிலிருந்து எடுக்க வேண்டும். கண்ணில் படும் பெரிய கதிரை மட்டும் பொறுக்குகிற பழக்கம் நல்லதில்லை என்பது என் கருத்து. வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும் குணம் கதிரின் நீளத்தில் தெரிவதில்லை. நோயில்லாத, ரகத்தின் சாயல் மாறாத செடிகள் பலவற்றிலிருந்து எடுத்தால் அந்த ரகத்தின் உள்வளம் குறையாது.

காயவைப்பதில் அவசரம் வேண்டாம். காலை வெயிலும் மாலை வெயிலும் போதும். உச்சிவெயிலில் சிமெண்டுக் களத்தில் பரப்பினால் முளைக்கரு வெந்துவிடும். ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். ஒரு சதவீதம் குறையும்போது விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதையியலில் எல்லாரும் ஒப்புக்கொண்ட கணக்கு. அந்துப்பூச்சி வயலிலேயே கதிரில் முட்டை வைத்துவிடும், அதனால் கட்டிய மூட்டைக்குள்ளிருந்தே அந்து கிளம்பும். மாதம் ஒரு முறை, வழக்கப்படி அமாவாசைக்கு, எடுத்துக் காயவைத்து, ஆறிய பிறகு காய்ந்த நொச்சி இலையோ வேப்பிலையோ கலந்து கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். மூட்டை மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி இருக்கட்டும். ரகப் பெயர் எழுதிய சீட்டு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. வெளிச்சீட்டை எலி தின்றுவிடும்.

திருவிழாவை மே மாதக் கடைசியில் வைத்ததிலும் ஒரு பொருத்தம் உண்டு. தை மாசியில் அறுத்த சம்பா நெல்லுக்கு இரண்டு மூன்று மாதம் உறக்கம் இருக்கும், அதற்குள் போட்டால் முளைக்காது. மே மாதத்தில் உறக்கம் தெளிந்திருக்கும். நூறு மணியை ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து, ஏழாம் நாள் எண்ணிப் பார்க்கலாம். எண்பதுக்குக் குறைந்தால் விதை அளவைக் கூட்ட வேண்டும். ஆடி ஆவணி விதைப்புக்கும் நாள் இருக்கும். காட்டுயானம், கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா எல்லாம் பகல் குறுகினால்தான் கதிர் தள்ளும் ரகங்கள். கோடையில் விதைத்தால் மாதக்கணக்கில் புல்லாகவே நிற்கும். ‘விதை கெட்டது’ என்று பலர் சொல்வது இதைத்தான். அவசரமாக ஒரு பருவம் எடுக்க வேண்டியவர்களுக்குப் பூங்கார் போன்ற குறுகிய நாள் ரகம் சரியாக இருக்கும்.

முதன்முதலாக இரண்டு கிலோ வாங்கிச் செல்பவர்கள் முழுவதையும் நாற்றங்காலில் போட்டுவிடாதீர்கள். ஒரு கிலோவில் அரை ஏக்கர் நட்டுவிடலாம். மீதி ஒரு கிலோவை நட்ட நாற்று பச்சை பிடிக்கும் வரை அப்படியே வைத்திருங்கள். நாற்றங்காலை மழை அடித்துக்கொண்டு போனால் மறுபடி விட அதுதான் விதை.

நன்றி, வணக்கம்.