ஏரி கண்ணில் படுவதற்கு முன்னால்

வணக்கம் நண்பர்களே. மைக்கில் காற்று கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மரங்களுக்குள் நுழைந்துவிட்டால் அடங்கிவிடும். இந்த ஒற்றையடிப் பாதை ஓர் ஏரியில் போய் முடிகிறது. எவ்வளவு தூரம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் வழியில் இருப்பதெல்லாம் சீக்கிரம் தாண்டித் தொலைக்க வேண்டிய சங்கதியாகிவிடும். ஏரி பக்கத்தில் வந்துவிட்டது என்பதை, அது கண்ணில் படுவதற்கு வெகு முன்பே காடு சொல்லத் தொடங்கிவிடும். இன்று அதைத்தான் உங்களுக்குக் காட்டப்போகிறேன்.

இங்கே சருகு மொறுமொறுவென்று நொறுங்குகிறது, கேட்கிறதா? காய்ந்த நிலம். இந்த மரப்பட்டைக்குக் கேமராவைக் கொண்டுபோகிறேன். படர்தாமரை போலச் சாம்பல் பச்சையில் வட்டம் வட்டமாக ஒட்டியிருக்கிறதே, இது லைக்கன். மரத்துக்கு ஏதோ நோய் என்று நினைத்துச் சுரண்டுபவர்கள் உண்டு. நோயும் இல்லை, ஒட்டுண்ணியும் இல்லை. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். பாசி வெயிலை வைத்துச் சமைக்கும். பூஞ்சை இடமும் ஈரமும் கொடுக்கும். இது ஒற்றை உயிர் அல்ல என்று சைமன் ஷ்வெண்டனர் என்ற சுவிஸ் தாவரவியலாளர் 1860களின் கடைசியில் சொன்னபோது, லைக்கனையே படித்துக் கரைத்தவர்கள்தான் அவரை அதிகம் எதிர்த்தார்கள். இவற்றில் பல, ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. இந்த வட்டம் என் உள்ளங்கை அகலம் இருக்கிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் நகத்தை வைக்கலாமா என்று யோசியுங்கள்.

அடுத்து, பாதை நடுவே சேறு. இரண்டு ஓரங்களிலும் புதிதாகக் கிளை வழி விழுந்திருக்கிறது பாருங்கள். ஷூவில் சேறு படக்கூடாது என்று ஆளாளுக்குச் சுற்றிப் போனதன் விளைவு. ஓரத்துச் செடிகள் மிதிபட்டுச் சாகும், அங்கேயும் மண் இறுகி நீர் தேங்கும், அடுத்து வருபவர் இன்னும் தள்ளிச் சுற்றுவார். சேற்றின் நடுவே நடப்பதுதான் சரி. ஷூவைக் கழுவிக்கொள்ளலாம்.

இப்போது பாதை சரிகிறது. முழங்கைக்குக் கீழே குளிர்ச்சி தட்டுகிறது, வீடியோவில் உங்களுக்குத் தெரியாது. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளம் பார்த்து இறங்கித் தங்கும். தண்ணீரும் அப்படித்தானே! சருகுச் சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்தீர்களா? கால் வைத்தால் மெத்தென்று அமுங்குகிறது. பெரணிகள் வந்துவிட்டன. இந்தப் பாறையின் ஒரு பக்கம் முழுக்கப் பச்சைப் பாசி. லைக்கனில் பார்த்த பாசி அல்ல, இது மாஸ் எனப்படும் குட்டிச் செடி. இதற்கு உண்மையான வேர் கிடையாது. மேலே படும் ஈரத்தை இலைகளாலேயே குடித்துக்கொள்ளும். ஆகவே இது இப்படிக் கொழுத்து வளர்ந்திருந்தால், காற்றிலேயே ஈரம் இருக்கிறது என்று பொருள்.

மூக்குக்கும் வேலை இருக்கிறது. மண்வாசனை ஏறுகிறது. அதற்குக் காரணமான பொருளின் பெயர் ஜியோஸ்மின். மண்ணில் வாழும் சிலவகை பாக்டீரியாக்கள் அதைச் செய்கின்றன. மனித மூக்கு கொஞ்சமே கொஞ்சம் கலந்திருந்தாலும் அதைக் கண்டுபிடித்துவிடும். நீரில் வாழும் சில நீலப்பச்சைப் பாசிகளும் இதே பொருளைத் தயாரிக்கும். அதனால் இப்போது வரும் வாசனை மண்ணிலிருந்தா, ஏரியிலிருந்தா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆ, இதோ ஊசித்தும்பி! இறக்கையை மடக்கி முதுகின்மேல் சேர்த்து வைத்திருக்கிறது பாருங்கள். பெரிய தும்பி என்றால் விரித்தபடியே உட்காரும். ஊர் சுற்றும் பெரிய தும்பியை நம்பி ஏரி தேட முடியாது. ஊசித்தும்பி பெரும்பாலும் நீரை விட்டு அதிக தூரம் போகாது. அப்படியென்றால்... ஆமாம், மரங்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறது.

வந்துவிட்டோம். அழகாகத்தான் இருக்கிறது, அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணீர் டீ நிறத்தில் இருப்பதைப் பார்த்து அழுக்கு என்று முடிவு கட்டாதீர்கள். விழுந்த இலைகளும் மட்கும் மண்ணும் ஊறி இறங்கிய சாறு அது. நாம் மிதித்து வந்த சருகும் ஒருநாள் இங்கேதான் கரையும். நீரின் தெளிவை அளக்க ஒரு வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பார்கள். 1865இல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் செய்து பார்த்த முறை. அவர் வானியலாளர் என்பதுதான் வேடிக்கை. இன்றும் ஏரிகளில் செக்கி தட்டைத்தான் இறக்குகிறார்கள்.

இந்தக் கோரைத் தண்டுக்குக் கொஞ்சம் கிட்டப் போகிறேன். தண்டைக் கவ்விக்கொண்டு ஒரு பூச்சி நிற்கிறதா? உயிரில்லை, வெறும் சட்டை. தும்பி குஞ்சாக இருந்தபோது தண்ணீருக்குள் வாழ்ந்தது. வளர்ந்ததும் ஏறி வந்து முதுகைப் பிளந்து வெளியேறிவிட்டது. கண் இருந்த இடம்கூடக் குமிழாக அப்படியே இருக்கிறது. பிளவுக்குள் வெள்ளை இழைகள் தெரிகின்றன அல்லவா? அவை மூச்சுக் குழல்களின் உள்ளுறை. அதையும் சேர்த்தே உரித்துப் போட்டிருக்கிறது!

ஒரு எச்சரிக்கை. அந்த மூலையில், காற்று தள்ளிக்கொண்டுபோய் ஒதுக்கிய கரையில், பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் ஏடு மிதக்கிறது. அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். சிலவகை நஞ்சு சுரக்கும். எது நஞ்சு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நாயோடு வருபவர்கள் அந்தப் பக்கம் அதைத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள், குளித்துவிட்டு உடம்பை நக்கவும் விடாதீர்கள். குழந்தைகளையும் இறக்க வேண்டாம். நான் எதிர்க் கரையைச் சுற்றித் திரும்புகிறேன், பேட்டரியும் சிவப்பு காட்டுகிறது.