பழைய ஸ்டீரியோ ரிசீவர்: கழற்றும் முன் காதைக் கொடுங்கள்

[திரையில்: வெள்ளி நிற முகப்பு, டயலுக்குப் பின்னால் விளக்கு. ஒரு கை வால்யூமைத் திருப்புகிறது. கரகரவென்று சத்தம்.]

இந்தக் கரகரப்பைக் கேட்டதுமே "செட் போச்சு" என்று மூட்டைகட்டி வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அது தாங்காது. 1970-களில் வந்த ரிசீவர்கள், அதாவது ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில் இருக்கும் செட்கள், அவ்வளவு சுலபத்தில் சாகாது. பல வருடம் யாரும் தொடாத குமிழிலும் சுவிட்சிலும் ஆக்சைடு படிந்திருக்கும். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

சரி, கைமாறி வந்த செட் மேஜைக்கு வந்துவிட்டது. உடனே பிளக்கைச் சொருகாதீர்கள். பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறது பாருங்கள். 110 வோல்ட் செட்டுக்கு 230 கொடுத்தால் அப்புறம் பேச்சே இல்லை.

[திரையில்: மரப்பலகையில் ஒரு குண்டு பல்பு, ஒரு சாக்கெட்.]

இது சீரிஸ் பல்பு. 100 வாட் குண்டு பல்பு வழியாகத்தான் செட்டுக்குக் கரண்ட் போகும். இழை உள்ள பல்பே வேண்டும், எல்.இ.டி. உதவாது. சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து, ஓரிரு நொடியில் மங்கினால் நல்லது, கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகங்கள்) நிரம்பிவிட்டன. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். உடனே நிறுத்துங்கள். மின் வேலை பழக்கமில்லாதவர்கள் இந்தப் பலகையைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் செய்து வாங்குங்கள்.

பல்பு மங்கியதா? இப்போது பல்பு இல்லாமல் நேராகவே கரண்ட் கொடுங்கள். பல செட்களில் சில நொடி கழித்து 'டக்' என்று ரிலே விழும், அது ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்ச். ஸ்பீக்கரை இன்னும் மாட்டவில்லை. மல்டிமீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் பாருங்கள். 50-க்குள் இருந்தால் நிம்மதி, ஸ்பீக்கரை மாட்டலாம். அதற்கு மேலே மேலே ஏறினால் ஸ்பீக்கரை மாட்டவே வேண்டாம்.

[திரையில்: முகப்பில் ஒரு பொத்தான், மிக அருகில். 'டேப் மானிட்டர்'.]

எல்லாம் சரியாக இருந்தும் சத்தமே வரவில்லையா? இந்தப் பொத்தானைப் பாருங்கள். அழுத்தியிருந்தால், ஒலி வெளியே இருக்கும் டேப் டெக்குக்குப் போய் அங்கிருந்து திரும்பி வர வேண்டும். டெக்கே இல்லையென்றால் எங்கிருந்து வரும்? இந்த ஒரு பொத்தானுக்காக டிரான்சிஸ்டரைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. மறுபடி அழுத்தி, பொத்தானை வெளியே வரவிடுங்கள். சில செட்களில் பின்பக்கம் பிரீ-அவுட்டையும் (முன் ஆம்ப்ளிஃபையரின் வெளியீடு) மெயின்-இன்னையும் (பவர் ஆம்ப்ளிஃபையரின் உள்ளீடு) சேர்க்கும் வளைந்த உலோகக் கிளிப்புகள் இருக்கும். அவை தொலைந்திருந்தாலும் இதே மௌனம்தான்.

ஒரு பக்கம் மட்டும் வரவில்லையென்றால், இடது வலது உள்ளீட்டு ஒயர்களை மாற்றிச் சொருகுங்கள். மௌனம் பக்கம் மாறினால் குற்றம் ஒயரிலோ பிளேயரிலோ. மாறாவிட்டால் ரிசீவரில், அல்லது அந்தப் பக்கத்து ஸ்பீக்கரில்.

இன்னொரு அடையாளம் உண்டு. மெல்ல வைத்தால் ஒரு பக்கம் போய்விடும். சத்தத்தைக் கூட்டினால் திடீரென்று திரும்ப வரும். ரிலே அல்லது சுவிட்ச் காண்டாக்டில் படிந்த அழுக்கு இப்படித்தான் பேசும். சிறு சிக்னலைத் தடுக்கும், பெரிய சிக்னல் அதைத் துளைத்துக்கொண்டு போகும்.

உறுமல் கேட்டால் வால்யூமைக் குறைத்துப் பாருங்கள். கூடவே உறுமலும் குறைந்தால் வால்யூமுக்கு முந்தைய சுற்றிலோ ஒயரிலோ தேடுங்கள். அசையாமல் நின்றால் பவர் சப்ளை கெப்பாசிட்டர்கள் மேல் சந்தேகப்படுங்கள்.

[திரையில்: மேல்மூடி கழன்ற செட். பிளக் தனியே கிடக்கிறது.]

இப்போதுதான் மூடி. பிளக்கை எடுத்த பின்னும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். மீட்டரில் பார்த்துவிட்டே கை வையுங்கள். வால்யூம் கண்ட்ரோலின் இடுக்கில் காண்டாக்ட் கிளீனரைக் கொஞ்சமாக அடித்து, முனையிலிருந்து முனைக்கு முப்பது தடவை திருப்புங்கள். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே வேண்டாம். நன்றாக உலர்ந்த பிறகு போட்டுக் கேளுங்கள். கரகரப்பு கொஞ்சம் மிச்சமிருந்தால், மறுநாள் இன்னொரு தடவை.