உடைந்த கிண்ணத்துக்கும் ஒரு வாழ்த்து: சீனப் புத்தாண்டு

[காட்சி: தரையில் சிதறிக் கிடக்கும் பீங்கான் கிண்ணம்]

சீனப் புத்தாண்டின் முதல் நாள். நல்ல நாளும் அதுவுமாகப் பேரனின் கை தவறிக் கிண்ணம் விழுந்து நொறுங்குகிறது. பாட்டி திட்டவில்லை. சட்டென்று "சுவெய் சுவெய் பிங் ஆன்" என்கிறார். ஆண்டாண்டும் அமைதி நிலைக்கட்டும் என்று பொருள். 'சுவெய்' என்ற ஒலிக்கு ஆண்டு என்றும் பொருள் உண்டு, நொறுங்குதல் என்றும் பொருள் உண்டு, எழுத்துதான் வேறு. துண்டுகளைச் சிவப்புத் தாளில் சுற்றி வைப்பவர்களும் உண்டு. அன்று வீட்டைப் பெருக்கினால் வந்த நல்லதும் குப்பையோடு போய்விடும் என்பது நம்பிக்கை.

ஒரே ஒலியில் இரு பொருள் வரும் இந்தச் சொல் விளையாட்டைத் தமிழில் சிலேடை என்போம். நாம் அதைப் பெரும்பாலும் புலவர்களிடம் விட்டுவிட்டோம். சீனக் குடும்பங்களோ அதைச் சமைக்கின்றன, சுவரில் ஒட்டுகின்றன, உறையில் போட்டுக் கொடுக்கின்றன. இந்தப் பண்டிகையில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

[காட்சி: கூட்டம் நிரம்பிய ரயில் நிலையம், பிறகு வட்ட மேசை]

சந்திர நாள்காட்டிப்படி, ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையே புத்தாண்டு வரும். 2026-இல் அது பிப்ரவரி 17. அதையொட்டிச் சுமார் 40 நாட்கள் சீனாவின் ரயில்களில் இடம் கிடைப்பது அரிது. எல்லாரும் ஊருக்குப் போகிறார்கள், முந்தைய நாள் இரவு விருந்துக்காக.

அந்த மேசையில் மீனைக் கவனியுங்கள். தலையும் வாலும் சேர்ந்த முழு மீன். தலை மூத்தவரைப் பார்த்தபடி இருக்கும். எவ்வளவு ருசியாக இருந்தாலும் கொஞ்சம் மிச்சம் வைப்பார்கள். மீனுக்குச் சீனத்தில் 'யூ'. மிச்சத்துக்கும் 'யூ'. "நியென் நியென் யோ யூ", ஆண்டுதோறும் மிஞ்சட்டும் என்பது வாழ்த்து. பஞ்சம் பார்த்த மண்ணில் இதைவிடப் பெரிய வாழ்த்து என்ன இருக்க முடியும்?

வடக்கே ஜியாவ்ஸு என்ற கொழுக்கட்டை, பழைய வெள்ளிக் காசுக்கட்டியின் வடிவில். தெற்கே அரிசிமாவில் செய்த நியென் காவ்.

[காட்சி: கதவில் தலைகீழாக ஒட்டிய சிவப்புத் தாள்]

இது தவறாக ஒட்டியது அல்ல. தாளில் இருப்பது 'ஃபூ', நற்பேறு என்ற எழுத்து. தலைகீழ் என்பதற்கும் வந்துவிட்டது என்பதற்கும் ஒரே ஒலி, 'தாவ்'. "ஃபூ தலைகீழாக இருக்கிறதே!" என்று சொல்பவர், தம்மை அறியாமலே "நற்பேறு வந்துவிட்டது" என்று வாழ்த்திவிடுகிறார்.

சரி, நாம் என்ன சொல்வது? யாருக்கும் பொருந்துவது "ஷின் நியென் குவாய் லே", இனிய புத்தாண்டு. "கோங் ஷீ ஃபா சாய்" என்றால் செல்வம் பெருக வாழ்த்து; தென்சீன மொழியான கான்டனீஸ் பேசுபவர்கள் "கோங் ஹே ஃபட் சோய்" என்பார்கள். ஆண்கள் வலது கையை முட்டியாக மடக்கி, இடது உள்ளங்கையால் மூடி, மார்புக்கு நேரே வைத்து வாழ்த்துவது பழைய முறை. கையை மாற்றி வைத்தால் அது துக்க வீட்டு வணக்கம். பெரியவர்களுக்கு உடல்நலத்தையும் படிக்கும் பிள்ளைகளுக்குக் கல்வியையும் வேண்டி வாழ்த்துவது அழகு.

பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சிவப்பு உறையில் பணம் தருவார்கள். அதன் பெயர் ஹோங் பாவ். புதிய நோட்டுகள், இரட்டைப்படைத் தொகை. ஆனால் நான்கு மட்டும் ஆகாது, அதன் ஒலி சாவை நினைவூட்டும். இரண்டு கையாலும் வாங்க வேண்டும், கொடுத்தவர் முன் பிரிக்கக் கூடாது.

[காட்சி: இரண்டு கைகளில் இரண்டு ஆரஞ்சுப் பழங்கள்]

சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு இந்தப் பழம் நன்றாகத் தெரியும். கான்டனீஸில் இதன் பெயரும் தங்கத்தின் பெயரும் ஒன்றுபோல ஒலிக்கும், 'கம்'. சீன நண்பர் வீட்டுக்குப் போகும்போது இரண்டு பழங்களை இரு கைகளாலும் நீட்டுங்கள். ஒற்றையாகக் கொடுப்பது வழக்கமில்லை. விடைபெறும்போது அவர்களும் இரண்டு பழங்களை உங்கள் கையில் வைத்து அனுப்புவார்கள்.